‘இடர்னல் சன்ஷைன்’: கதையை ஏன் இப்படிக் கலைத்துப் போட்டார்கள்?

குளத்தங்கரை:
2004-இல் வந்த ‘இடர்னல் சன்ஷைன் ஆஃப் தி ஸ்பாட்லெஸ் மைண்ட்’ படத்தை நேற்று இரவு பார்த்தேன். ஜிம் கேரி நடித்தது என்றதும் வயிறு வலிக்கச் சிரிக்கலாம் என்று உட்கார்ந்தேன். மனிதர் படம் முழுக்க அழுது வடிகிறார். காதலி கிளமென்டைன் தன் நினைவிலிருந்து ஜோயலை அழித்துவிடுகிறாள், அந்த ஆத்திரத்தில் அவனும் அதே சிகிச்சைக்குப் போகிறான், பாதியில் வேண்டாம் என்று கதறுகிறான். இதுவரை சரி. ஆனால் எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று பிடிபடவே இல்லை. தொடக்கத்தில் கடற்கரையில் பார்த்துப் பழகுகிறார்கள். அடுத்த காட்சியிலேயே அவன் காரில் அழுதுகொண்டு போகிறான். நடுவில் எப்போது பிரிந்தார்கள்? நேராகச் சொன்னால் குறைந்தா போய்விடும்? வித்தை காட்டத்தான் இப்படிச் செய்தார்கள் என்று தோன்றுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய சுருள்:
தம்பி, ஃபிலிமை வெட்டி ஒட்டிய காலத்தில் எடிட்டிங் உதவியாளராக இருந்தவன் நான். வித்தைக்காகக் கலைத்த படங்களை நிறையப் பார்த்துச் சலித்திருக்கிறேன். இது அந்த ரகம் இல்லை.

நடித்தவர்கள், எடுத்தவர்கள் பெயர்கள் திரையில் எங்கே வருகின்றன என்று கவனித்தீர்களா? கால் மணி நேரத்துக்கு மேல் ஓடிய பிறகு, நீங்கள் சொன்ன அந்தக் கார் அழுகையின்மேல் வருகின்றன. தையல் அங்கேதான் இருக்கிறது. அதற்கு முன் நீங்கள் பார்த்தது, இருவருக்கும் நினைவு அழிந்த பிறகு நடப்பது. அழுகை, அவன் சிகிச்சைக்குப் படுக்கப் போகும் இரவு. இன்னும் குழப்பமாக இருந்தால் கிளமென்டைனின் தலைமுடியைப் பாருங்கள். முதன்முதலாகச் சந்தித்தபோது பச்சை, காதல் பொங்கிய நாட்களில் சிவப்பு, கசந்த நாட்களில் ஆரஞ்சு, அழித்த பிறகு நீலம்.

ஏன் என்ற கேள்விக்கு வருகிறேன். அழிப்பு வேலை புதிய நினைவில் தொடங்கிப் பழையதை நோக்கிப் போகிறது. முதலில் போவதெல்லாம் சண்டை. ஓட்டலில் பேச ஒன்றும் இல்லாமல் எதிரெதிரே உட்கார்ந்திருப்பது, குடித்துவிட்டுக் காரை இடித்து நடுராத்திரியில் அவள் வந்து நிற்பது. அவை தொலைவதில் அவனுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி. பிறகுதான் போர்வைக்குள் படுத்துக்கொண்டு, சின்ன வயதில் வைத்திருந்த அழகில்லாத பொம்மையைப் பற்றி அவள் சொல்லும் இடம் வருகிறது. இதை மட்டுமாவது விட்டுவையுங்கள் என்று அங்கே கெஞ்சத் தொடங்குகிறான். நேர்வரிசையில் எடுத்திருந்தால் கடைசியில் சண்டைதான் மிஞ்சும். தொலையட்டும் என்று நாமும் எழுந்து போயிருப்போம்.

இரண்டாம் முறை பார்க்கும்போது முதல் காட்சியை விட்டுவிடாதீர்கள். ஜோயல் தன் கார் நசுங்கியிருப்பதைப் பார்த்து, பக்கத்தில் நிற்கும் காரின்மேல் குத்தலாக ‘நன்றி’ என்று சீட்டு எழுதி வைக்கிறான். இடித்தது கிளமென்டைன். அவளை அழித்ததில் அந்த இரவும் போயிற்று. பழி, பாவம், யாரோ ஒருவர் தலையில். ரயிலில் தன் பெயரை வைத்துக் கிண்டல் செய்யவில்லையா என்று அவள் கேட்கும்போது, அப்படி ஒன்றும் தெரியாதே என்று விழிக்கிறானே, அதுவும் இப்படித்தான். ‘ஓ மை டார்லிங் கிளமென்டைன்’ அமெரிக்காவில் குழந்தைகளுக்கும் தெரிந்த பாட்டு. கடைசியில் காட்டப்படும் உண்மையான முதல் சந்திப்பில் இவனே அதைப் பாடுகிறான்!

தொகுத்தவர் வால்டிஸ் ஓஸ்கர்ஸ்டோட்டிர், ஐஸ்லாந்துப் பெண்மணி. பிரிட்டனின் பாஃப்டா விருது கொடுத்தார்கள். ஆஸ்கரில் திரைக்கதைக்கு விருது கொடுத்துவிட்டு, எடிட்டிங்கைப் பரிந்துரைப் பட்டியலில்கூடச் சேர்க்கவில்லை. எனக்கு இன்றும் ஆறாது.

மல்லிகா_தஞ்சை:
ஐயா சொன்னது எல்லாம் சரி. ஆனால் அந்தச் சிகிச்சைக்காரர்களை எதற்கு இவ்வளவு நேரம் காட்ட வேண்டும்? ஒருவன் மயங்கிக் கிடக்கிறான், அவன் வீட்டில் குடித்துக் கூத்தடிக்கிறார்கள். ஜோயலின் சாமான்களைத் திருடி அவன் காதலியையே மடக்கப் பார்க்கும் அந்தப் பேட்ரிக்கைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறது.

பழைய சுருள்:
எரிச்சல் வரட்டும் அம்மா, அதற்குத்தான் அவன். கூத்து கொஞ்சம் நீளம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சிகிச்சை நிலையத்தில் வேலை பார்க்கும் மேரியை எடுத்துவிட்டால் படம் நிற்காது. டாக்டரைக் காதலித்து, அந்தக் காதலை அழித்துக்கொண்டு, அது தெரியாமலேயே மறுபடியும் அவரிடமே மனதைக் கொடுக்கிறாள். உண்மை தெரிந்ததும், சிகிச்சைக்கு முன் நோயாளிகள் பேசிப் பதிந்த ஒலிநாடாக்களை அவரவருக்கே அனுப்பிவைக்கிறாள். அது இல்லாமல் ஜோயலுக்கும் கிளமென்டைனுக்கும் எதுவும் தெரியவந்திருக்காது.

குளத்தங்கரை:
நன்றி ஐயா, இன்று மறுபடியும் போடுகிறேன். கடைசியில், நாடாவில் ஒருவரையொருவர் திட்டியதைக் கேட்ட பிறகும் ‘சரி’ என்கிறார்களே, இனி ஒழுங்காக இருப்பார்களா?

பழைய சுருள்:
இருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். திரைக்கதை எழுதிய சார்லி காஃப்மனின் பழைய வரைவில், வயதாகிப்போன கிளமென்டைன் மீண்டும் அதே சிகிச்சைக்கு வந்து நிற்பாள். படத்தில் அது இல்லாததே நல்லது.