வெளியிடத்தில் பால் கொடுக்கும் தாய்மார்களே, யோசனை சொல்லுங்கள்

என் மகளுக்கு ஐந்து மாதம். உறவினர் வளைகாப்பில், மண்டபத்து ஓரமாக, துப்பட்டாவை நன்றாகப் போர்த்திக்கொண்டுதான் பால் கொடுத்தேன். அவளோ புழுக்கம் தாங்காமல் உதைத்து உதைத்துத் துணியை விலக்குகிறாள். "நாலு பேர் வந்துபோகிற இடத்தில் இதென்ன கூத்து?" என்றார் பெரிய அத்தை. திண்ணையில் உட்கார்ந்து பால் கொடுத்துப் பிள்ளைகளை வளர்த்தவர்தான் அவரும்!

2018இல் ஒரு மாடல் குழந்தைக்குப் பாலூட்டுவது போன்ற படத்தை 'கிருகலட்சுமி' என்ற மலையாள இதழ் அட்டையில் போட்டதற்கு வழக்கே நடந்தது. அதில் ஆபாசம் இல்லை என்று கேரள உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால், அத்தையிடம் தீர்ப்பெல்லாம் எடுபடாது.

அடுத்த மாதம் தஞ்சாவூரிலிருந்து மதுரைக்குப் பகல் பஸ்ஸில் போகிறேன். நம் பேருந்து நிலையங்களில் 2015 முதல் தாய்மார்கள் பாலூட்டும் அறை இருக்கிறது; எங்கள் ஊரில் நான் பார்த்தபோதெல்லாம் பூட்டுதான் தொங்கியது. மதுரையில் திறந்திருக்கிறதா? சாவி யாரிடம் இருக்கும்? ஓடும் பஸ்ஸில் எந்த இருக்கை வசதி? முன்பக்கம் ஜிப் வைத்த சுடிதார் சரிப்படுமா?

பெரியவர்கள் மனம் நோகாமல், நானும் விட்டுக்கொடுக்காமல் சொல்லக்கூடிய பதில் இருந்தால் அதையும் எழுதுங்கள். 'கழிப்பறையில் போய்க் கொடு' என்று மட்டும் சொல்லாதீர்கள். அங்கே உட்கார்ந்து நீங்கள் சாப்பிடுவீர்களா?