மாமரப் பலகையில் நீலம் பாய்ந்துவிட்டது, மரம் வீணா?

ஆனைமலைத் தோட்டக்காரன்:
ஆனி முதல் வாரத்தில் மாமரம் ஒன்றை வெட்டினோம். மில்லில் வரிசை என்று அடிமரம் 12 நாள் பட்டையோடு வாசலில் கிடந்தது. அறுத்து வந்த பலகைகளைக் கொட்டகையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சாரல் படக்கூடாதே என்று தார்ப்பாயால் நாலு பக்கமும் இறுக்கிக் கட்டினேன். நேற்று அவிழ்த்தால் சோற்றுப்பானையைத் திறந்ததுபோல ஆவி முகத்தில் அடிக்கிறது. பலகை முழுக்க நீலச் சாம்பல் கோடுகள். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன். மேலிருந்த வெண்பூசணம் போயிற்று, நீலம் அசையவில்லை. மகள் கட்டிலுக்கு வைத்திருந்த மரம். உளுத்துப்போய்விட்டதா?

பெருந்துறைத் தச்சுப்பட்டறை:
இல்லை அண்ணா. உளி முனையை அழுத்திப் பாருங்கள், பொதபொதவென்று இறங்கினால்தான் அழுகல். இந்த நீலம் ஒரு பூஞ்சையின் வேலை. அது மரத்தின் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் தின்னும், நாரைத் தின்னாது. வலு அநேகமாகக் குறையாது. கறை மட்டும் ஆழமாக இறங்கியிருக்கும், தேய்த்துக் கையைப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள்.

வாசலில் கிடந்தபோதே வெட்டுவாய் வழியாக ஏறியிருக்கும். தார்ப்பாய் அதற்கு விருந்து வைத்துவிட்டது. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் அது அடங்கும். இன்றே பிரித்து, தரையை விட்டு ஒன்றரை அடி உயர்த்தி, பலகைகளுக்கிடையே இரண்டடிக்கு ஒரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கொடுங்கள். மேலிருந்து கீழ்வரை ரீப்பர்கள் ஒரே நேரில் நிற்க வேண்டும், இல்லையென்றால் பலகை கோணும். காய்ந்த ரீப்பர்தான், பச்சை ரீப்பர் வைத்து, ஒரு வீட்டுக் கதவில் வரிவரியாகக் கறை விழுந்து நான் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சு கொஞ்சமல்ல. தார்ப்பாய் கூரையாக மட்டும் இருக்கட்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சும்மாதானே வீசுகிறது!

உடுமலை வாசகர்:
போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்து முக்கினால்?

பெருந்துறைத் தச்சுப்பட்டறை:
புழு அரிக்காமலிருக்க நல்லது. நீலத்துக்கு அதை மட்டும் நம்ப முடியாது. அதுவும் அறுத்த அன்றே முக்க வேண்டும், மழை பட்டால் கரைந்து போகும். ஏறிய நீலத்தை அது எடுக்காது.

கோபி விவசாயி:
எங்கள் அப்பாரய்யன் வெட்டிய மரத்தைக் குட்டையில் போட்டு, மேலே கல்லை ஏற்றி அமுக்கிவைப்பார். முழுக்க மூழ்கினால் காற்றில்லை, பூஞ்சையும் இல்லை. கல் நழுவி மிதந்த முதுகு மட்டும் நீலமாகிவிடும். எடுத்தபோது அடித்த நாற்றம் தனிக்கதை.

ஆனைமலைத் தோட்டக்காரன்:
பிரித்து அடுக்கிவிட்டேன் தம்பி. பழைய ஓட்டு வீட்டுச் சட்டங்களை அறுத்து ரீப்பராக்கினேன். எப்போது இழைக்கலாம்?

பெருந்துறைத் தச்சுப்பட்டறை:
நடுவிலிருந்து ஒரு பலகையை உருவி வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை குறைவது நின்ற பிறகு சொல்லுங்கள் அண்ணா. நீலம் அதிகமுள்ளவற்றை மெத்தைக்கு அடியில் போட்டுவிடலாம்.