முதல் ரீஃபர் டிரெய்லர்: பெட்டியின் வயசா, யூனிட்டின் மணியா?

புதுஸ்டியரிங்:

வணக்கம் அண்ணன்மாரே. சொந்தப் பெயரில் சரக்கு ஓட்டும் அத்தாரிட்டி (உரிமம்) வந்துவிட்டது, டிரெய்லரை இழுக்கும் டிராக்டரும் கையில் இருக்கிறது. அடுத்து ரீஃபர், அதாவது குளிர்சாதன டிரெய்லர்தான். கலிஃபோர்னியாவிலிருந்து சிகாகோ பக்கம் காய்கறி, பழம். திரும்பும்போது உறைந்த இறைச்சி என்று திட்டம். ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டுமே 53 அடி, டேண்டம் (இரட்டை) ஆக்சில், ஏர் ரைடு (காற்றுப்பை சஸ்பென்ஷன்).

அ) 2016 பெட்டி. யூனிட்டை (குளிரூட்டும் இயந்திரம்) 2021-இல் மாற்றியிருக்கிறார்கள், 7,000 மணி நேரம் ஓடியிருக்கிறது. பின்னால் ரோல்-அப் கதவு.

ஆ) 2020 பெட்டி, அதோடு வந்த யூனிட்டே, 16,000 மணி. ஸ்விங் கதவு.

மணி குறைவு என்பதால் மனசு 'அ' பக்கம் சாய்கிறது. வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

குளிர்பெட்டி:

தம்பி, யூனிட்டைக் கழற்றிவிட்டு வேறொன்று மாட்டலாம். சுவருக்குள் சூட்டைத் தடுக்கும் ஃபோமை மாற்ற முடியாது. அதனால் முதலில் பெட்டி.

இரண்டையும் வெறுமையாக எடை போடச் சொல்லுங்கள். தயாரிப்பாளரின் ஸ்பெக் ஷீட்டில் இருக்கும் வெற்று எடையைவிடப் பல நூறு பவுண்டு கூடுதலாக வந்தால், யூனிட்டின் டேங்கில் இருக்கும் டீசலைக் கழித்துப் பாருங்கள் (50 காலன் நிரம்பியிருந்தால் சுமார் 350 பவுண்டு). அதற்குப் பிறகும் கணக்கு உதைத்தால் ஃபோமில் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். கூரையில் கிளை உரசிய ஓட்டை, உள்சுவரில் ஃபோர்க்லிஃப்ட் குத்திய கிழிசல், இவைதான் தண்ணீர் நுழையும் வழி. உள்சுவரில் ஒட்டு போட்ட இடங்களை விரலால் தட்டுங்கள். உள்ளே வெற்றிடம் போலச் சத்தம் வந்தால் உள்ளே ஃபோம் விட்டுப்போயிருக்கிறது.

பிறகு பட்டப்பகலில் உள்ளே போய் நின்று, வெளியே ஒருவரை நிறுத்திக் கதவைச் சாத்தச் சொல்லுங்கள். வெளிச்சம் தெரியும் ஒவ்வொரு இடமும் சூடு நுழையும் இடம். நான்கு மூலைத் தரை வடிகாலையும் பாருங்கள், ரப்பர் மூடி இல்லாமல் இருப்பது சகஜம். ரோல்-அப் கதவு டவுனுக்குள் பத்து இடத்தில் இறக்குகிறவருக்கு வசதி. ஆனால் கதவு மெல்லிசு, தடங்கள் கூரையோரம் உயரத்தைத் தின்னும். நீங்கள் சொல்லும் நீண்ட ஓட்டத்துக்கு, அதுவும் உறைந்த சரக்குக்கு, ஸ்விங் கதவுதான்.

கீழே குனிந்து கிராஸ் மெம்பர்களையும் (தரையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள்) சஸ்பென்ஷன் பகுதியையும் டார்ச் அடித்துப் பாருங்கள். சிகாகோ பக்கம் ஓடிய வண்டி என்றால், குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு 2016 பெட்டியை நிறையவே அரித்திருக்கலாம்.

கம்ப்ரசர்காரன்:

மேலே சொன்னதோடு யூனிட் பற்றி. 16,000 மணி என்றால் பயப்பட வேண்டாம், ஆனால் எந்த மணி என்று கேளுங்கள். கன்ட்ரோலரில் சுவிட்ச் ஆன் மணி வேறு, எஞ்சின் ஓடிய மணி வேறு. விற்பவர் சிலசமயம் எது குறைவோ அதைச் சொல்வார். ஆயில், ஃபில்டர், பெல்ட் மாற்றிய ரசீதுகளை எஞ்சின் மணியோடு ஒப்பிடுங்கள். ரசீது இல்லாத 7,000-ஐவிட ரசீதுள்ள 16,000 மேல்.

இரண்டையும் ஒரே நாளில், ஒரே வெயிலில் இப்படிச் சோதியுங்கள். ப்ரீ-ட்ரிப் (யூனிட் தன்னையே சோதித்துக்கொள்ளும் ஓட்டம்) ஓட்டுங்கள், அலாரம் கோடுகளின் (பழுதைக் காட்டும் எண்கள்) பட்டியலையும் திறந்து பாருங்கள். எல்லாம் சுத்தமாக அழித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். செட் பாயின்ட்டை (வேண்டிய குளிர்நிலை) 0 டிகிரி ஃபாரன்ஹீட் வைத்து இறங்கவிடுங்கள். இறங்கியதும் கைமுறை டீஃப்ராஸ்ட் (பனி உருக்கல்) போட்டு, அது முடிந்து தானாகக் குளிருக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். அப்புறம் யூனிட்டை அணைத்துவிட்டு, கதவைத் திறக்காமல் ஒரு மணி நேரம் காத்திருங்கள். எந்தப் பெட்டி வேகமாகச் சூடேறுகிறதோ அதன் இன்சுலேஷன் சொத்தை. இந்தச் சோதனைக்கு ஒப்பாத விற்பனையாளரிடம் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள்.

உள்ளே கூரையில் தொங்கி, குளிர்காற்றைப் பின்பக்கம் வரை கொண்டுபோகும் ஏர் ஷூட் துணியை மறக்காதீர்கள். நடுவில் கிழிந்திருந்தால் குளிர்காற்று அங்கேயே விழுந்துவிடும், பின்வாசல் பேலட்டில் (சரக்கு அடுக்கிய பலகை) இருப்பது வெந்துபோகும். டிஸ்பிளேயோ திரும்பி வரும் காற்றைப் பார்த்து எல்லாம் நலம் என்று காட்டிக்கொண்டிருக்கும்! நல்லவேளை, துணி மலிவு.

லாக்புக்:

கலிஃபோர்னியா போகிறீர்களே, கார்ப் (CARB, கலிஃபோர்னியாவின் காற்று மாசு வாரியம்) விதியைப் பார்த்தீர்களா? யூனிட் எஞ்சினின் மாடல் வருடத்தோடு 7-ஐக் கூட்டுங்கள். 25 குதிரைத்திறனுக்குக் குறைந்த எஞ்சின் என்றால் அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் ஃபில்டர் மாட்டியோ வேறு வழியிலோ மேம்பட்ட புகைத் தரத்துக்குக் கொண்டுவர வேண்டும். 2020-க்கு 2027, 2021-க்கு 2028. பெட்டியின் வருடத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், எஞ்சின் தகட்டைப் படம் எடுங்கள்.

கார்கோ இன்சூரன்ஸில் ரீஃபர் பிரேக்டவுன் (யூனிட் பழுதாகிச் சரக்கு கெட்டால் ஈடு) சேர்க்கை தனியாக வாங்க வேண்டும். யூனிட் பராமரிப்பு ரசீதுகள் இல்லையென்றால் கிளெய்ம் நிற்காது என்று பல பாலிசிகளில் எழுதியிருக்கும்.

புதுஸ்டியரிங்:

நன்றி, 'ஆ' பக்கம் திரும்பிவிட்டேன். யூனிட்டைக் கன்டினியூவஸ் (நிற்காமல் ஓடுவது), ஸ்டார்ட்-ஸ்டாப் (தேவைப்படும்போது மட்டும் ஓடுவது) இரண்டில் எதில், எப்போது ஓட்டுவது? ஸ்டார்ட்-ஸ்டாப்பில் டீசல் மிச்சமாகுமே?

கம்ப்ரசர்காரன்:

உறைந்த இறைச்சிக்கு ஸ்டார்ட்-ஸ்டாப் போதும். கீரை, பெர்ரி, லெட்டூஸுக்குக் கன்டினியூவஸ்தான். அவை ஏற்றிய பிறகும் மூச்சுவிட்டுச் சூட்டைக் கக்கும், ஃபேன் நின்றால் பேலட் நடுவில் சூடு தேங்கும். பில் ஆஃப் லேடிங்கில் (சரக்குச் சீட்டு) எந்த மோடு என்று எழுதியிருந்தால் அதை மீறாதீர்கள், யூனிட்டில் பதிவானதை டவுன்லோட் எடுத்தால் தெரிந்துவிடும்.

ரீஃபர் சரக்கைக் குளிர வைக்காது, இருக்கும் குளிரைக் காப்பாற்றும், அவ்வளவுதான். பெட்டியை முன்கூட்டியே குளிரவைத்து டாக்குக்கு (சரக்கு ஏற்றும் மேடை) போங்கள். கதவு திறந்ததும் யூனிட்டை அணையுங்கள். இல்லாவிட்டால் ஈரக்காற்றை இழுத்து எவாப்பரேட்டரில் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள்) பனி கட்டிவிடும். கையெழுத்துப் போடும் முன் ப்ரோப் தெர்மாமீட்டரைச் சரக்குக்குள் குத்திப் பாருங்கள். 34 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வரவேண்டிய லெட்டூஸ் 42 காட்டினால் பில்லிலேயே அதை எழுதி, லோடு கொடுத்த புரோக்கருக்கு அங்கிருந்தே போன் போடுங்கள்.

குளிர்பெட்டி:

ஒன்று விட்டுப்போச்சு. இறைச்சி இறக்கிய பெட்டியை வாஷ்அவுட் செய்யாமல் (உள்ளே கழுவாமல்) காய்கறி ஏற்றப் போனால் ஷிப்பர் (சரக்கு அனுப்புபவர்) மோந்து பார்த்தே திருப்பி அனுப்புவார். வாஷ்அவுட் ரசீது கேபினில் இருக்கட்டும்.