பாக்ஸிங்: காலை எடுத்து வைத்து ஜாப் (முன்னால் இருக்கும் கையால் போடும் நேர்க்குத்து) போட்டால் பலமே இல்லை, ஏன்?

புதுக்கையுறை:
ஆர்த்தடாக்ஸ் ஸ்டான்ஸ் (இடது கால் முன்னால், வலது கை பின்னால்). நின்ற இடத்தில் ஜாப் போட்டால் சரியாக விழுகிறது. காலை எடுத்து வைத்துப் போட்டால் பேக் (தொங்கும் குத்துப் பை) ‘டப்’பென்று சத்தம் போடாமல் தள்ளிக்கொண்டு போகிறது. இரண்டு ஜாப் சேர்த்துப் போட்டால் கால் அகண்டு, வலது கை வரவே மாட்டேன் என்கிறது. முதலில் கை படணுமா, கால் படணுமா? எடையை எவ்வளவு முன்னால் கொண்டுபோவது?

மூணுநிமிஷம்:
கால் முந்திக்கொள்கிறது தம்பி. முன்பாதம் ஊன்றிவிட்டால் எடை தரைக்குப் போய்விடும், பிறகு மிச்சம் இருப்பது தோள் மட்டும்தான். கை படுவதும் பாதம் ஊன்றுவதும் ஒன்றாக நடக்கணும். கை ஒரு இமைப்பொழுது முந்தினால் இன்னும் நல்லது. பழைய ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் டெம்ப்ஸி சொல்லிக்கொடுத்த ‘விழும் காலடி’ (falling step) இதுதான்: உடம்பு முன்னால் விழுகிறது, கீழே போய்ச் சேருமுன் கை அந்த எடையை எதிராளிமேல் இறக்கிவிடுகிறது.

முன்காலைத் தூக்கி வைக்காதீங்க. பின்கால் விரல்களின் அடிமேட்டால் தரையை உந்துங்க, முன்பாதம் தரையை உரசினாற்போல் 10–15 செ.மீ. போனால் போதும். குதிகால் முதலில் இறங்கினால் முட்டி விறைத்து பிரேக் பிடித்த மாதிரி நின்றுவிடும். சுவருக்கு முன்னால், நீட்டிய கை எட்டாமல் நாலு விரல் தள்ளி நின்று, முன்பாதத்தை மட்டும் லேசாகத் தூக்கிப் பாருங்க. உடம்பு தானாகச் சாய்ந்து முஷ்டி சுவரைத் தொடும். அந்த உணர்வுதான் வேணும்.

பின்கால்:
மேலே சொன்னது சரி, ஆனால் கை உடனே திரும்பாவிட்டாலும் பேக் தள்ளும். அதையும் பாருங்க.

கால் அகலுவதற்குக் காரணம் பின்கால் தங்கிவிடுவது. முன்கால் போன அதே தூரம், கை திரும்பும்போதே, பின்காலும் வந்து சேரணும். இரண்டு கட்டைவிரலுக்கு நேராகவும் சாக்பீஸ் கோடு போட்டு இடைவெளியை அளந்துகொள்ளுங்க. 10 ஜாப் போட்டு முன்னேறிய பிறகு மறுபடி அளங்க. கூடியிருந்தால் பின்கால் தங்குது. குறைந்திருந்தால் அதிகம் இழுக்கிறீங்க. அது இதைவிட மோசம், எதிராளி ஒரு தட்டு தட்டினாலே தடுமாறும்.

எடைக்குச் சதவீதக் கணக்கு வேண்டாம். மூக்கு முன்கால் முட்டியைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். தாண்டினால் அப்பர்கட்டுக்கு (கீழிருந்து மேலே வரும் குத்து) முகத்தை நீட்டிக் கொடுத்த மாதிரி.

சவுத்பா:
எல்லா ஜாப்பிலும் எடை ஏற்றத் தேவையில்லை. தூரம் பார்க்கவும் கண்ணை மறைக்கவும் போடும் ஜாப்பில் எடை நடுவிலேயே இருக்கட்டும். பின்வாங்கும்போது தலைகீழ்: முன்கால் உந்தணும், பின்கால் முதலில் நகரணும். எங்களை மாதிரி வலது காலை முன்னால் வைக்கும் இடக்கைக்காரன் (சவுத்பா) எதிரே நின்றால் நேராக வராதீங்க, உங்க இடது பாதம் அவனுடைய வலது பாதத்துக்கு வெளியே விழணும்.

புதுக்கையுறை:
நன்றி அண்ணா. ரன்னிங் ஷூவில் பழகலாமா?

பின்கால்:
வேண்டாம். குதிகால் பக்கம் தடிப்பாக இருப்பதால் எப்போதும் முன்னால் சாய்ந்தே நிற்பீங்க, பிடிப்பு அதிகம் என்பதால் பின்காலும் சறுக்கி வராது. பாக்ஸிங் ஷூ இல்லையென்றால் தட்டையான, மெல்லிய அடிப்பாகம் உள்ள கான்வாஸ் ஷூ போதும்.