பெட்டியைக் காலியாக விட்டால் டீஃபால்ட் பதியவில்லை, அவசரம்

கரிசல்மண்:
வணக்கம். எங்கள் ஊர் நூலகத்துக்கு உறுப்பினர் பதிவுப் படிவம் செய்திருக்கிறேன். மாவட்டத்தைக் காலியாக விட்டால் தானாக ‘விருதுநகர்’ என்று பதிய வேண்டும். டேபிளில் அதையே டீஃபால்ட்டாக (இயல்பு மதிப்பாக) கொடுத்தும் வெறுமையாகவே பதிகிறது. சர்வர் மாற்றியதிலிருந்து பிறந்த தேதி காலியாக இருந்தால் பதிவே ஆகவில்லை. நாளைக் காலை திறப்பு விழா. உதவுங்கள்.

தாழ்வாரம்:
எந்தத் தரவுத்தளம்? பழைய பதிப்பு எது, புதியது எது? பிழைச் செய்தி என்ன?

இரவுப்பணி:
குறியாக்கச் சிக்கலாகத்தான் இருக்கும். யூடிஎஃப்8எம்பி4 என்ற எழுத்துக் குறியாக்கத்துக்கு மாற்றுங்கள். எனக்குத் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறியாகப் பதிந்தன, மாற்றியதும் சரியாயிற்று.

கரிசல்மண்:
தரவுத்தளம் மைஎஸ்கியூஎல், படிவம் பிஎச்பி மொழியில். மைஎஸ்கியூஎல் முன்பு 5.5, இப்போது 8.0. ‘இன்கரெக்ட் டேட் வேல்யூ’ என்று வருகிறது. பக்கத்தில் இரண்டு மேற்கோள் குறிகள், நடுவில் ஒன்றுமே இல்லை.

மூத்தபதிவர்:
கையேட்டைப் புரட்டியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. பதிவைச் சேர்க்கும் இன்சர்ட் கட்டளையில் புலத்தின் (டேபிள் பத்தியின்) பெயர் வராதபோதுதான் டீஃபால்ட் பதியும். நீங்கள் பெயரை எழுதி, எதிரே காலிச் சரத்தையும் (ஓர் எழுத்தும் இல்லாத உரையை) அனுப்புகிறீர்கள். காலிச் சரமும் ஒரு மதிப்பு. இது தெரியாமல் ஊரார் தரவில் கைவைக்கக் கூடாது.

தாழ்வாரம்:
சொன்ன விஷயம் சரி ஐயா, சொன்ன விதம் சரியில்லை. விடிந்தால் விழா என்று நிற்கிறவரிடம் இப்படியா பேசுவது?

கரிசல்மண், உங்களுக்கு இருப்பவை இரண்டு தனிச் சிக்கல்கள். காலியாக விட்ட பெட்டியைப் படிவம் காலிச் சரமாகத்தான் அனுப்பும். முதலில் முன்பின் இடைவெளிகளை நீக்க டிரிம் செய்யுங்கள், பிறகும் மாவட்டம் காலி என்றால் இன்சர்ட்டில் அந்தப் புலத்தையே சேர்க்காதீர்கள். தேதிக்கு நல்இஃப்(?, '') போடுங்கள், காலிச் சரம் ‘நல்’ (மதிப்பே இல்லை என்ற குறி) ஆகிவிடும். அந்தப் புலம் ‘நல்’ ஏற்பதாக இருக்க வேண்டும். 5.5 காலித் தேதியை 0000-00-00 என்று மாற்றி, எச்சரிக்கையோடு விட்டுவிடும். 5.7 முதல், தவறான மதிப்பை ஏற்காத கண்டிப்பு முறை இயல்பாகவே இயங்குவதால் மறுக்கிறது. அந்த முறையை அணைத்துவிடச் சொல்லி யாராவது வருவார்கள், கேட்காதீர்கள். பழைய பதிவுகளில் எத்தனை பூஜ்யத் தேதிகள் கிடக்கின்றன என்றும் பாருங்கள்.

கடலோரம்:
ஆரக்கிள் தரவுத்தளத்தில் இந்தத் தொல்லையே இல்லை. காலிச் சரமும் ‘நல்’லும் அங்கே ஒன்றுதான். அதன் 12சி பதிப்பில், ‘நல்’ வந்தாலும் டீஃபால்ட்டைப் பதியும் ‘டீஃபால்ட் ஆன் நல்’ என்றே வந்துவிட்டது.

மூத்தபதிவர்:
அது வசதி அல்ல, பிழை. தொலைபேசியே இல்லாதவரும் எண்ணைச் சொல்லாமல் போனவரும் ஒன்றா?

கடலோரம்:
நூலகத்துக்கு இரண்டும் ஒன்றுதான், அழைக்க முடியாது. தொலைபேசிப் புலம் யுனீக் (ஒரே மதிப்பு இருமுறை வரக் கூடாதது) என்றால் காலிச் சரத்தோடு ஒருவர்தான் பதிய முடியும், இரண்டாமவரை மறுத்துவிடும். ‘நல்’ என்றால் மைஎஸ்கியூஎல் எத்தனை பேரையும் ஏற்கும்.

மூத்தபதிவர்:
எஸ்கியூஎல் சர்வர் என்ற வேறொரு தரவுத்தளம் யுனீக் புலத்தில் ஒரே ஒரு ‘நல்’லைத்தான் ஏற்கும். பொதுவிதி போலப் பேசாதீர்கள்.

கடலோரம்:
மைஎஸ்கியூஎல் என்று பெயர் சொல்லித்தானே எழுதினேன்?

கரிசல்மண்:
தேதியும் மாவட்டமும் சரியாகிவிட்டன. தொலைபேசி இல்லாத இரண்டு பாட்டிகளில் ஒருவர் மட்டும் பதியாத காரணம் இப்போதுதான் விளங்கியது. பூஜ்யத் தேதி 41 பேருக்கு இருக்கிறது, காகிதப் பதிவேட்டைப் பார்த்து நிரப்புகிறேன். அனைவருக்கும் நன்றி.

தாழ்வாரம்:
மகிழ்ச்சி. தொலைபேசிக்கும் நல்இஃப் போட்டீர்களா? ஏற்கெனவே காலிச் சரத்தோடு பதிந்த அந்த ஒரு பாட்டியின் பதிவையும் ‘நல்’ ஆக்கிவிடுங்கள்.