ஓபெத் வழியாக கோமஸ்: உங்களுக்குக் கைகாட்டிய இசைக்கலைஞர் யார்?

கூத்தொலி (கேள்வி)

ஸ்வீடனின் ஓபெத் என்ற மெட்டல் இசைக்குழுவை ரொம்ப நாளாகக் கேட்டு வருகிறேன். அதன் பாடகர் மிக்கேல் ஓகர்ஃபெல்டைப் பேட்டி எடுத்தால் போதும், பேச்சு எப்படியும் பழைய இசைத்தட்டுகள் பக்கம் போய்விடும். அப்படி அவர் வாயிலிருந்து என் காதில் விழுந்த பெயர்தான் கோமஸ். 1998இல் வந்த 'மை ஆர்ம்ஸ், யுவர் ஹர்ஸ்' ஆல்பத்தின் தலைப்பே கோமஸின் 'டிரிப் டிரிப்' பாட்டில் வருவதுதான் என்று தெரிந்ததும் உடனே தேடிக் கேட்டேன்.

கோமஸ் இங்கிலாந்துக் குழு. முதல் ஆல்பமான 'ஃபர்ஸ்ட் அட்டரன்ஸ்' 1971இல் வந்தது. டிரம் செட்டே கிடையாது. அகூஸ்டிக் கிட்டார், வயலின், புல்லாங்குழல், ஓபோ, கையால் தட்டுகிற தாளம். இதை வைத்துக்கொண்டு எந்த மெட்டல் ஆல்பத்திலும் நான் உணராத ஒரு பயத்தைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். ரோஜர் வூட்டன் தொண்டையை இறுக்கிக் கீச்சிட்டும் உறுமியும் பாடுகிறார். பக்கத்திலேயே பாபி வாட்சனின் குரல் மெலிசாக, கள்ளமே இல்லாமல் வருகிறது. அந்த இரண்டும் சேரும்போது உடம்பு சிலிர்க்கிறது. அட்டையில் முறுக்கிக்கொண்டு கிடக்கும் உருவத்தை வரைந்ததும் வூட்டன்தான், பால்பாயிண்ட் பேனாவால்.

அப்புறம் ஓபெத்துக்குத் திரும்பினால் அதுவே வேறு மாதிரிக் கேட்கிறது. உறுமல் நின்று அகூஸ்டிக் கிட்டார் மட்டும் ஒலிக்கிற இடங்களில்தான் இப்போது எனக்கு அதிகம் நடுக்கம். இன்றைக்கு என் மனதில் முதலிடம் கோமஸுக்குத்தான், ஓபெத் அடுத்துதான்.

சரி, கேள்விக்கு வருகிறேன். இப்படி ஒரு இசைக்கலைஞர் கைகாட்டி நீங்கள் போய்ச் சேர்ந்த குழு எது? ஒரே மாதிரி ஒலிக்கிற குழுக்கள் வேண்டாம், அவற்றை எந்தச் செயலியும் காட்டிவிடும். கைகாட்டியவரின் இசையை வைத்து ஊகிக்கவே முடியாத குழுவாகச் சொல்லுங்கள்.

மூன்றாம்தந்தி

அப்படியென்றால் அமெரிக்க ராக் குழு நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேன். நிர்வாணாவின் சத்தத்தைக் கேட்டு அவர் கைகாட்டிய ரெயின்கோட்ஸை யாராலும் ஊகிக்க முடியாது. லண்டன் பெண்கள் குழு, முதல் ஆல்பம் 1979. வயலின் ஒரு பக்கம் இழுக்கும், பேஸ் இன்னொரு பக்கம் போகும், பாட்டு இதோ கலைந்துவிடப்போகிறது என்று தோன்றும், கலையாது. எனக்கு அந்த இழுபறிதான் உயிர்.

கோபேன் 1992இல் லண்டனில் அந்த இசைத்தட்டைத் தேடி ரஃப் டிரேட் கடைக்குப் போனார். குழுவைச் சேர்ந்த அனா டா சில்வா ஒரு பழம்பொருள் கடையில் வேலை பார்க்கிறார் என்று அங்கே சொல்ல, நேராக அங்கேயே போய் நின்றுவிட்டார். நிர்வாணாவின் 'இன்செஸ்டிசைட்' உள்தாளில் அவரே இதை எழுதியிருக்கிறார். மறு வருடம் ரெயின்கோட்ஸின் முதல் ஆல்பம் மறுவெளியீடு ஆனபோது அதற்கும் குறிப்பு எழுதிக்கொடுத்தார். 1994இல் அவர்கள் நிர்வாணாவோடு சேர்ந்து மேடையேற வேண்டியது. அந்த ஏப்ரலில் கோபேன் இறந்துவிட்டார். ஆனால் மறுபடி சேர்ந்த குழு 1996இல் புது ஆல்பம் போட்டது. கோபேனுக்கு நன்றி சொல்ல எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

இடிமுழக்கம்

கூத்தொலி, உங்கள் நிபந்தனையை நான் ஏற்கவில்லை. ஒரே மாதிரி ஒலிக்கிறது என்று ஒதுக்கினால் இங்கிலாந்து மெட்டல் குழு டயமண்ட் ஹெட் மாதிரிக் குழுவை இழந்துவிடுவீர்கள்.

அமெரிக்க மெட்டல் குழு மெட்டாலிகாவின் டிரம்மர் லார்ஸ் உல்ரிக் 1981இல், 17 வயதில், அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்து போனது டயமண்ட் ஹெட்டை மேடையில் பார்க்கத்தான். பிறகு அந்தக் குழுவினர் வீட்டிலேயே தங்கிவிட்டார். மெட்டாலிகாவின் 'கராஜ் இங்க்' தொகுப்பில் டயமண்ட் ஹெட் பாட்டுகள் மட்டும் நான்கு இருக்கின்றன. பலருக்கு 'ஆம் ஐ ஈவில்?' மெட்டாலிகா பாட்டாகத்தான் தெரியும்.

1980இல் வந்த மூலத்தைக் கேளுங்கள். மெட்டாலிகா வேகத்தையும் முரட்டுத்தனத்தையும் எடுத்துக்கொண்டது. டயமண்ட் ஹெட் பாடகர் ஷான் ஹாரிஸின் குரலில் இருக்கிற நெகிழ்வை எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஒரே பாட்டு இரண்டு பேர் கையில் இருக்கும்போதுதான் யாரிடம் என்ன இருக்கிறது என்பது தெளிவாகக் கேட்கிறது. ஊகிக்க முடியாத குழுவில் இந்த ஒப்பீட்டுக்கே வழியில்லை.

மூன்றாம்தந்தி

இடிமுழக்கம் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நிர்வாணாவின் 1993 எம்டிவி அன்பிளக்ட் நிகழ்ச்சியில் மீட் பப்பெட்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் கர்க்வுட் சகோதரர்களையே மேடைக்கு அழைத்து அவர்களுடைய மூன்று பாட்டுகளைக் கோபேன் பாடினார். மூன்றும் 1984இல் வந்த அவர்களுடைய இரண்டாவது ஆல்பத்தில் உள்ளவை. மூலத்தில் கர்ட் கர்க்வுட் சுருதி விலகிப் பாடுவார், எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும்.

கூத்தொலி

இருவருக்கும் நன்றி. நிபந்தனையைத் தளர்த்திக்கொள்கிறேன். ரெயின்கோட்ஸ் கேட்கத் தொடங்கிவிட்டேன், வயலின் நுழைந்ததுமே கோமஸ் ஞாபகம் வந்தது. மூன்றாம்தந்தி, கோமஸ் 2008இல் ஸ்வீடனின் மெலோபோட் விழாவில் மறுபடி ஒன்றுசேர்ந்து வாசித்தது 'ஈஸ்ட் ஆஃப் ஸ்வீடன்' என்று நேரடிப் பதிவாகக் கிடைக்கிறது, உங்களுக்குப் பிடிக்கும். இடிமுழக்கம், டயமண்ட் ஹெட்டில் எங்கே தொடங்கலாம்?

இடிமுழக்கம்

'தி பிரின்ஸ்'. அதற்குப் பிறகு 'ஆம் ஐ ஈவில்?'. தொடக்கத்தில் வருகிற அந்தக் கனத்த தாளம் ஹோல்ஸ்ட் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளரின் 'மார்ஸ்' என்ற ஆர்கெஸ்ட்ரா இசையிலிருந்து வந்தது, அதையும் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.