குடியேறிய பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தபோது: மனத்தை விட்டுப் போகாத ஒரு நிகழ்ச்சி

காரைக்குடி, ஓய்வு பெற்ற கல்லூரி ஆசிரியை

ஆச்சிக்குப் பாடம் வாரத்தில் இரண்டு நாள். எனக்கு இங்கே காலை பத்து மணி என்றால் மெல்பர்னில் அவர்களுக்குப் பருவத்தைப் பொறுத்துப் பிற்பகல் இரண்டரையோ மூன்றரையோ ஆகும். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட, வீடு அடங்கியிருக்கும் அந்த நேரத்தில்தான் கைபேசியை ஊறுகாய்ப் பாட்டிலில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்காருவார்கள். கோட்டையூரில் எட்டாம் வகுப்பு வரை படித்தவர்கள். கணவர் காலமான பிறகு, அறுபத்திரண்டு வயதில் மகனோடு குடியேறியவர்கள்.

மருத்துவரிடம் பேசுவது எப்படி என்ற பாடத்தில் மூன்று வாரம் இருந்தோம். வலி, வீக்கம், தலைசுற்றல், எத்தனை நாளாக, எந்த வேளையில் என்று எல்லாவற்றையும் எழுதிப் பழகியிருந்தார்கள். ஒருநாள் நோட்டை மூடி, அதன்மேல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்கள்: "டாக்டர் என் முழங்காலைத்தான் பிடித்துப் பார்க்கிறார், ஆனால் கேள்வியை என் மகனைப் பார்த்துக் கேட்கிறார். 'என்னிடம் கேளுங்கள்' என்பதை மரியாதை குறையாமல் இங்கிலீஷில் எப்படிச் சொல்ல வேண்டும்?"

நான் சொன்ன பதில் இதுதான்: "அது எதற்கு ஆச்சி, தம்பி சொன்னால் தெளிவாக இருக்குமே. நாம் முதலில் இறந்தகாலத்தை முடித்துவிடுவோம்."

"சரி" என்று சொல்லி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்கள். அதன் பிறகு எட்டு மாதம் என்னிடம் படித்தார்கள், நன்றாகவே படித்தார்கள், ஆனால் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவே இல்லை. 'ப்ளீஸ் ஆஸ்க் மீ' என்று மூன்றே சொல். முப்பது ஆண்டு வகுப்பறையில் நின்றவள் நான். ஒருவர் தமக்கு வேண்டிய வாக்கியத்தைத் தாமே கண்டுபிடித்துக் கொண்டுவந்து வைத்தபோது, என் பாடத்திட்டம் பெரிதென்று அதைத் தள்ளிவிட்டேன்.

நம் பக்கத்தில் இந்தத் தொண்டைச் செய்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். இப்படி ஏதேனும் ஒன்று உங்களுக்குள்ளும் தங்கியிருந்தால் எழுதுங்கள்.

தேவகோட்டை, ஓய்வு பெற்ற பொறியாளர்

மகளின் குடும்பத்தோடு அமெரிக்காவில் செயின்ட் பால் நகரில் சில ஆண்டுகள் இருந்தேன். அங்கே நூலகத்தில் நடக்கும் மாலை வகுப்பில் தொண்டு ஆசிரியனாகச் சேர்ந்தேன். என் மேசையில் உட்கார்ந்தவர்களில் பாதிப்பேர் பர்மாவைச் சேர்ந்த கரேன் இனத்தவர். தாய்லாந்து எல்லையிலிருந்த அகதி முகாம்களில் பல்லாண்டு இருந்துவிட்டு அந்த நகருக்கு வந்தவர்கள். அவர்களில் எழுபதை நெருங்கிய ஒரு பெரியவர், ஐராவதிப் படுகையில் பிறந்தவர், ஒரு வகுப்பைக்கூடத் தவறவிட்டதில்லை.

அன்று இறந்தகால வினைகள். "உங்கள் தாத்தாவைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்லுங்கள்" என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டு வந்தேன். அவர் எழுந்து நின்றார். உட்கார்ந்தே சொல்லலாம் என்று எத்தனை முறை சொன்னாலும் ஆசிரியர் முன் எழுந்துதான் நிற்பார். "மை கிராண்ட்ஃபாதர் ஹேட் ரைஸ் லேண்ட்" என்றார். சரியான வாக்கியம் என்று தலையசைத்தேன். அடுத்ததாக "செட்டி டேக்" என்றார்.

என் வாய் பழக்கத்தில் திருத்தியது. "டேக் இல்லை, டுக்." அவர் தவறாகச் சொன்ன பிள்ளையைப் போலத் தலையைத் தாழ்த்தி, நிறுத்தி நிதானமாகத் திரும்பச் சொன்னார்: "செட்டி டுக்."

நாங்கள் செட்டிமார். எங்கள் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது கடன் கொடுத்து வட்டித் தொழில் செய்யப் போனவர். மூன்று வருஷக் கணக்குக்குப் போய் வந்து, பர்மிய மொழியில் கணக்குப் பேசக் கற்றவர். எங்கள் வளவில் நிற்கும் தேக்குத் தூண்கள் அங்கிருந்து கப்பலில் வந்தவை. 1930க்குப் பிறகு நெல் விலை அடியோடு விழுந்து, கடன் வாங்கியவர்களால் திருப்ப முடியாமல் போக, ஈடு வைத்த நிலங்கள் நம்மவர்களின் விலாசங்களுக்கு, அதாவது வட்டிக்கடைகளுக்கு, வந்து சேர்ந்தன. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த நம்மவர் நிலம் 1937இல் 25 பங்காயிற்று. இதை நான் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். வீட்டில் கேட்டதெல்லாம் 1942இல் ஜப்பானியப் படைக்கு அஞ்சி நடந்தே வந்த கதையும், 1964இல் பர்மிய அரசு கடைகளை எடுத்துக்கொண்ட கதையுந்தான். அதாவது நாங்கள் இழந்த கதை மட்டும்.

அவருக்கு நான் எந்த ஊர், எந்தச் சமூகம் என்று தெரியாது. இந்தியர் என்ற அளவில் தெரியும். நானும் சொல்லவில்லை. அடுத்தவரைப் பார்த்து "உங்கள் தாத்தா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தேன். அந்தப் பெரியவர் அன்று வகுப்பு முடிந்ததும் வழக்கம்போல என் நாற்காலியை மேசைக்குள் தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

ராயவரம், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர்

தேவகோட்டை அன்பருக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் அந்த நிலத்தை எடுக்கவில்லை. வகுப்பு நேரம் மாணவருடையது. அதில் ஆசிரியர் தம் வீட்டுச் சுமையை இறக்கி வைக்கக் கூடாது. நீங்கள் பேசாமல் நகர்ந்தது சரி என்பதே என் முடிவு. காரைக்குடி அம்மையாரும் தம்மை இவ்வளவு நொந்துகொள்ள வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் தொலைபேசி வழியாகவே உரைபெயர்க்கும் அரசுச் சேவை இருக்கிறது, மருத்துவர்கள் கட்டணமில்லாமல் அதைப் பயன்படுத்தலாம், தமிழுக்கும் உண்டு. அந்த ஆச்சிக்கு வேண்டியிருந்தது ஆங்கில வாக்கியத்தைவிட அந்தத் தகவல்தான்.

என் அனுபவம் சிறியது. நியூஜெர்சியிலிருக்கும் உறவுக்கார அம்மா ஒருவர், வயது அறுபத்தெட்டு, குடியுரிமைத் தேர்வுக்காக என்னிடம் தொலைபேசியில் படித்தார். ஆங்கிலத்துக்குப் பயந்து, பயிற்சி அட்டைகளை மருமகள் கண்ணில் படாமல் அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தார். அட்டையை எடுக்கும்போது அரிசி சிந்தும் சத்தம் எனக்கு இங்கே கேட்கும். எட்டு மாதம் கழித்துத்தான் விதியைப் படித்தேன். 50 வயது கடந்து 20 ஆண்டு நிரந்தரக் குடியிருப்பு உரிமையோடு இருந்தவருக்கும், 55 வயது கடந்து 15 ஆண்டு இருந்தவருக்கும் அங்கே ஆங்கிலத் தேர்வு கிடையாது; குடிமையியல் கேள்விகளுக்குத் தம் மொழியிலேயே பதில் சொல்லலாம். அவர் போய்ப் பதினாறு ஆண்டு ஆகியிருந்தது. அந்த எட்டு மாத அச்சத்தை அவருக்குக் கொடுத்தவன் நான்.

ஆகவே இதில் இறங்க நினைக்கும் இளையவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லிவைக்கிறேன். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது இரவுதோறும் அரிக்கேன் விளக்கோடு போய்ப் பெரியவர்களுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். பெரியவர்களை எழுத்துவரிசையில் தொடங்கவைக்காதீர்கள். அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் தாளிலிருந்து தொடங்குங்கள். மின்கட்டண ரசீது, பேரனின் பள்ளிக் கடிதம், மருந்துச் சீட்டு ஆகியவையே பாடநூல். எண்களை ஒரு வாரம் விடாமல் பழக்குங்கள். 'ஃபிஃப்டீன்' என்பதற்கும் 'ஃபிஃப்டி' என்பதற்கும் வேறுபாடு தெரியாமல் மாத்திரை சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள். முன்னதில் கடைசி அசையை நீட்டி அழுத்த வேண்டும், பின்னதில் முதல் அசையை.

தமிழருக்குக் குறில் நெடில் தாய்ப்பாலோடு வந்தது; ஆகவே கப்பலைக் குறிக்கும் 'ஷிப்'பையும் ஆட்டைக் குறிக்கும் 'ஷீப்'பையும் நம்மவர் எளிதில் பிரித்துவிடுவார்கள், அங்கே நேரத்தை வீணாக்காதீர்கள். இடறுவது பகரத்தில். ஒரே 'ப' எழுத்துக்குள் ஆங்கிலத்தின் மூன்று ஒலிகள் வந்து விழுகின்றன. அடுத்து, 'வீட்டில்' என்று நாம் பெயருக்குப் பின்னால் ஒட்டுவதை ஆங்கிலம் பெயருக்கு முன்னால் வைக்கிறது. இதை ஒருமுறை தமிழிலேயே விளக்கிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற பிடிவாதம் பெரியவர்களிடம் செல்லாது. கடைசியாக, பத்து வாக்கியத்தை நெட்டுருப் போடச் செய்யுங்கள். நெட்டுரு இழுக்கான சொல் அன்று, அது முதலில் கால் ஊன்றும் இடம்.

கானாடுகாத்தான், பள்ளி ஆசிரியை

ஐயா, எண்களைப் பற்றி நீங்கள் எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். நெட்டுருவைப் பற்றி மட்டும் உடன்பட முடியவில்லை.

கண்டனூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி. திருமணமாகிப் பதினைந்தாம் நாள் கணவர் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டார். துணைவர் விசாவுக்குப் பேசவும் கேட்கவும் அடிப்படை நிலை ஆங்கிலம் தெரியும் என்று காட்ட வேண்டும் என்பது 2010 நவம்பர் முதல் அந்நாட்டு விதி. அவள் எழுதவிருந்த தேர்வில் இரண்டு பேரைச் சேர்த்து உட்காரவைத்து, பதினாறு முதல் பதினெட்டு நிமிடம் பேசவைப்பார்கள். பக்கத்திலிருப்பவரிடம் கேள்வி கேட்கவும் தெரிய வேண்டும். நாற்பது கேள்விக்கு நாற்பது பதில் எழுதிக் கொடுத்து நெட்டுருப் போடவைத்தேன். ஊரைப் பற்றி, வீட்டைப் பற்றி, பொங்கலைப் பற்றிக் கேட்டால் தண்ணீர் ஊற்றுவதுபோல் சொல்வாள்.

ஒருநாள் பட்டியலில் இல்லாத கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். "உன் கணவருக்குப் பிடித்த சாப்பாடு எது?" பேசாமல் இருந்தாள். சொல் தெரியவில்லையோ என்று இட்லி, பிரியாணி, மீன் என்று எடுத்துக் கொடுத்தேன். அவள் தாவணி முனையை விரலில் சுற்றிக்கொண்டு, "மிஸ், எனக்குத் தமிழிலேயே தெரியாதே" என்றாள்.

நான் அப்போது செய்ததுதான் உறுத்துகிறது. "பரவாயில்லை, இட்லி என்று சொல்லிவிடு, யார் சரிபார்க்கப் போகிறார்கள்" என்றேன். நாற்பத்தொன்றாவது பதிலாக அதையும் எழுதிக்கொண்டாள். தேர்வில் தேறிப் போய்விட்டாள். "இன்றைக்கே அவரிடம் போனில் கேள், நாளை எனக்கு இங்கிலீஷில் சொல்" என்று சொல்லியிருந்தால் அது பாடமாகவும் இருந்திருக்கும், அந்தப் பிள்ளைக்கு ஒரு பேச்சுக்குத் தொடக்கமாகவும் இருந்திருக்கும்.

தேவகோட்டை அண்ணன் பேசாமல் நகர்ந்தது சரி என்று ஐயா தீர்ப்பு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பெரியவர் தம் வாழ்வில் மிக முக்கியமான செய்தியைத் தெரிந்த இரண்டே வாக்கியத்தில் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டோம் என்பதற்கு அடையாளமாக ஒரு சொல்லாவது வேண்டாமா? இலக்கணம் திருத்துவது மட்டும் அந்த அடையாளம் ஆகுமா?

தேவகோட்டை, ஓய்வு பெற்ற பொறியாளர்

தங்கை கேட்டதற்கு என்னிடம் விடையில்லை. ராயவரம் ஐயாவின் தீர்ப்பை ஏற்றுக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் அன்று நான் மாணவரின் நேரத்தைக் காப்பதற்காகப் பேசாமல் இருந்தேன் என்று சொன்னால் அது பொய். அச்சத்தால் பேசாமல் இருந்தேன்.

கொத்தமங்கலம், இப்போது சிட்னியிலிருந்து திரும்பியிருப்பவர்

நான் சொல்லிக்கொடுத்தவள் அல்ல, கற்றுக்கொண்டவள். எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

ஆஸ்திரேலிய அரசு குடியேறியவர்களுக்காக 1948 முதல் நடத்திவரும் ஆங்கிலத் திட்டத்தில், வகுப்புக்கு வெளியே உதவத் தொண்டர்களையும் அனுப்புவார்கள். அப்படி வாரம் ஒரு மணி நேரம் எங்கள் வீட்டுக்கு ஓர் அம்மையார் வந்தார். யாரும் சொல்லாமலே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, என்னோடு சமையலறை மேசையில் உட்காருவார். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே சொல்லிக்கொடுத்தால் பெரியவர்களிடம் செல்லாது என்று ராயவரத்து ஐயா எழுதியிருக்கிறார், எனக்குச் சென்றது.

ஆறாவது மாதம் ஒருநாள், மருத்துவமனைக்கு நானே தொலைபேசியில் பேசி நேரம் வாங்க வேண்டும் என்று சொல்லித் தொலைபேசியை என் பக்கம் நகர்த்தினார். பிறகு இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு சன்னலைப் பார்த்தபடி இருந்தார். எனக்கு வியர்த்துக் கொட்டியது. எதிர்முனையில் பேசிய பெண்ணிடம் மூன்று முறை 'சே அகெய்ன் ப்ளீஸ்' என்றேன். ஒருவழியாக நாளும் நேரமும் வாங்கிவிட்டேன். அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர்கள் சொன்னது வியாழக்கிழமை, நான் கேட்டுக்கொண்டது செவ்வாய்க்கிழமை. 'தர்ஸ்டே', 'டியூஸ்டே'. செவ்வாயன்று மழையில் இரண்டு பேருந்து மாறிப் போனேன். உனக்கு இன்று நேரம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து, கூடவே உட்கார்ந்திருந்தும் அந்த அம்மா வாயைத் திறக்கவில்லை, எனக்கு அவமானம் தேடித் தந்துவிட்டாள் என்று மகனிடம் அழுதேன். மகன் கோபத்தில் அலுவலகத்துக்குப் பேசி, இனி யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். எதிர்முனையின் குரல் அவர் காதில் விழுந்திருக்காது என்பதுகூட அன்று எனக்குத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை தனியாகவே போனேன். மருத்துவர் என்னைப் பார்த்துக் கேட்டார், நானே பதில் சொன்னேன். காரைக்குடி ஆசிரியை எழுதிய முழங்கால் கதையைப் படித்தபோது அந்த அறை அப்படியே கண்முன் வந்தது. நானே பேசிவிட்டேன் என்று சொல்ல அன்று எனக்கு ஆள் இல்லாமல் போயிற்று. அந்த அம்மையாரின் தொலைபேசி எண்ணை நான் வாங்கி வைத்திருக்கவில்லை.

அவர் எனக்காக எழுதிய நோட்டு இங்கே பெட்டகத்தில் இருக்கிறது. எழுதிய கடைசிப் பக்கத்தில் அன்று நான் பேசிய வாக்கியங்கள் எல்லாம் அவர் கையெழுத்தில் இருக்கின்றன, நான் சொன்னபடியே, ஒரு திருத்தமும் இல்லாமல். அதற்கடுத்த பக்கத்தில் அடுத்த வாரத்துக்கான தலைப்பை மட்டும் எழுதி அடிக்கோடிட்டிருக்கிறார்: கிழமைகளின் பெயர்கள்.